இசக்கி சாருக்கு வந்த வாட்ச்

எந்த போன் வாங்கலாம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அக்கா. என்ன வேலை என்று கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். சொன்ன மறு நிமிடம் எல்லோரும் கேட்பது அதைத்தான். பல் டாக்டரைக் கண்டதும் வாயைத் திறந்து காட்டுகிற மாதிரி, போனை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டிவிடுவார்கள். என் சித்தப்பா மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளையே கேட்டான். அப்போதுதான் தாலி கட்டி முடித்திருந்தான். "கேமரா எதுல நல்லாருக்கும்?" என்று மணமேடையிலிருந்து குனிந்து கேட்கிறான். இவனுக்கா கழுத்தை நீட்டினாய் என்று அவளைப் பார்த்தேன். அவளும் பதிலுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தாள்.

நீங்கள் கேட்கவில்லை. கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறியதிலிருந்து போனைக் கையில்கூட எடுக்கவில்லை. அதனால்தான் உங்களிடம் பேசுகிறேன். சாத்தூர் போய்ச் சேர இன்னும் நேரமிருக்கிறது.

சென்னையில் ஒரு தமிழ்ச் செய்தித் தளம். போன், வாட்ச், காதில் செருகுகிறது, வீட்டைத் தானே பெருக்குகிறது என்று மக்கள் காசைக் கரைக்க என்னவெல்லாம் புதிதாக வருகிறதோ அதையெல்லாம் பார்த்து எழுதுவது என் வேலை. நாங்கள் காசு கொடுத்து வாங்குவதில்லை. கம்பெனிகளே அனுப்பும். சில நாள் வைத்துப் பயன்படுத்திப் பார்த்து, நல்லதோ கெட்டதோ எழுதிவிட்டு, திருப்பி அனுப்பிவிட வேண்டும். அதுதான் ரிவ்யூ. நான் சேர்ந்த புதிதில் போனுக்கு ஒரு கண் போதாதென்று நாலு கண் வைத்தார்கள். அப்புறம் போனை மடித்தார்கள். இப்போது எதைத் தொட்டாலும் ஏஐ. சமீபத்தில் ஏஐ மிக்ஸி ஒன்று வந்தது. சட்னி அரைப்பதற்கு முன்னால் யோசிக்குமாம். எங்கள் அம்மா யோசிக்காமலே நன்றாக அரைப்பாள்.

இந்தத் துறையில் இருக்கிறவர்களைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். புதுப் பொருள் வெளியிடுகிறோம் என்று பெரிய ஹோட்டலில் கூட்டம் போடுவார்கள். மேடையில் ஒருவன் ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருப்பான். கீழே என் சக பத்திரிகையாளர்களின் கண் பூராவும் பஃபே மேசை மேல் இருக்கும். முடிந்ததும் ஆளுக்கு ஒரு பை. பைக்குள் பவர் பேங்க், ஸ்பீக்கர், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு தண்ணீர் பாட்டில். பாட்டிலுக்காக ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நிற்பார்கள். மறுநாள் எழுதுவார்கள்: 'அசத்தலான வடிவமைப்பு'. பாட்டிலைச் சொல்கிறார்களா போனைச் சொல்கிறார்களா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கும்.

நான் அங்கே ஒரு வாய் சாப்பிட்டதில்லை. பை வாங்கியதில்லை. என் அப்பா சாத்தூரிலிருந்து சிவகாசிக்குப் போய் ஒரு அச்சகத்தில் பேப்பர் வெட்டுகிறவர். முதல் பட்டதாரி என்று தாசில்தாரிடம் சான்றிதழ் வாங்கி, அந்தச் சலுகையில் படித்தவள் நான். எனக்குப் பின்னால் ஆள் கிடையாது. மற்றவர்கள் ஒரு தப்பு எழுதினால் மாமாவோ மச்சானோ இன்னொரு இடத்தில் சேர்த்துவிடுவார்கள். நான் ஒரு தப்பு எழுதினால் நேராகச் சாத்தூர் பஸ்தான். அதனால் ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டு, பொய்யில்லையே, பொய்யில்லையே என்று திரும்பத் திரும்பப் படிப்பேன். படிக்கிறவர்களுக்கு அது தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது இசக்கி என்றால் காரம், இசக்கி என்றால் நேர்மை.

என் முழுப்பெயர் இசக்கியம்மாள். கட்டுரையில் இசக்கி என்று மட்டும் போடுவேன். நம் பக்கத்தில் இசக்கி என்று ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு, உங்களுக்குத் தெரியும். சென்னையில் பி.ஆர். ஏஜென்சி என்று ஒரு கூட்டம் இருக்கிறது. கம்பெனிக்கும் எங்களுக்கும் நடுவில் நின்று இனிக்க இனிக்கப் பேசுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள். பேட்டரியைப் பற்றியும் சிப்பைப் பற்றியும் இப்படிக் கிழித்து எழுதுகிற ஆள் பெண்ணாக இருக்க முடியாது என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். 'டியர் இசக்கி சார்.' எல்லா மெயிலும் அப்படித்தான் வரும். திருத்தினீர்களா என்றால், இல்லை. நான் ஏன் திருத்த வேண்டும்? தப்பு அவர்களுடையது. போனில் நான் யாரிடமும் பேசுவதில்லை. பேசினால் குழைவார்கள். எல்லாம் எழுத்தில்தான்.

ஒரு தடவை ஹோட்டல் வாசலில் ஒரு பையன் என் பெயர் அட்டையைத் தேடி எடுத்துவிட்டு, "இசக்கி சார் வரலையா மேடம்? நீங்க அவரோட அசிஸ்டென்ட்டா?" என்றான்.

"ஆமா," என்றேன்.

"சார் ரொம்ப ஸ்ட்ரிக்ட்டாமே?"

"ரொம்ப."

"பாவம் நீங்க," என்றான்.

அதிலிருந்து எல்லாக் கூட்டத்துக்கும் நான் எனக்கே அசிஸ்டென்ட்டாகப் போய்வந்தேன். சிரிக்காதீர்கள். அதில் ஒரு வசதி இருந்தது. அசிஸ்டென்ட்டிடம் யாரும் குழைய மாட்டார்கள். பை நீட்டினால், "சார் வாங்க மாட்டார்," என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

இந்தத் தீபாவளி சீசனுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வாட்ச் வந்தது. துடி என்று பெயர். கையில் கட்டினால் நாடித் துடிப்பைக் காட்டும், தூக்கத்தைக் காட்டும், நடையைக் காட்டும். இந்த மாதிரி வாட்ச் இப்போது தெருவுக்குத் தெரு வருகிறது. பாதிப்பேர் வெளிநாட்டில் வாங்கி இங்கே பெயர் ஒட்டி விற்கிறார்கள். இந்தத் துடியை ஒருவர் தானே செய்கிறாராம். கோயம்புத்தூரில் கிணற்று மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பெட்டி செய்துகொண்டிருந்த நாச்சிமுத்து என்கிறவர். மோட்டாருக்குப் பெட்டி செய்து அலுத்துப்போய் மனுஷர்களின் நாடியைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார். இந்த நாட்டில் யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் கிளம்பலாம்.

அவருடைய ஏஜென்சியில் ரிதன்யா என்று ஒருத்தி. 'சாருக்கு ஏற்ற மாதிரி செட் செய்து அனுப்பியிருக்கிறோம்' என்று எழுதியிருந்தாள். என்ன செட் என்று நான் கேட்கவில்லை. கம்பெனியிடம் கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுவதற்குப் பெயர் ரிவ்யூ இல்லை. டப்பாவில் வந்ததை எடுத்துக் கட்டினேன். ஸ்ட்ராப் கொஞ்சம் பெரிசு. கடைசி ஓட்டையில் மாட்டியும் வளையல் மாதிரி உருண்டது. கையை உயர்த்தினால் முழங்கை வரை ஓடியது. அது ஒன்றும் பெரிய விஷயமில்லை, வாட்ச் என்றால் அப்படித்தான். கைக்குட்டையை மடித்து இடையில் வைத்துக்கூடப் பார்த்தேன். அவ்வளவு கவனமாகச் சோதித்தேன்.

பார்க்கப் பார்க்க ஒரே கூத்து. சும்மா உட்கார்ந்திருந்தால் ஓடுகிறாய் என்கிறது. படியேறினால் தூங்குகிறாய் என்கிறது. ஆஸ்பத்திரியில் நாடி பார்க்க விரலில் மாட்டுவார்களே ஒரு கிளிப், அது ஒன்றை வைத்து ஒவ்வொரு தடவையும் ஒப்பிட்டேன். ஒன்றுகூட ஒத்துவரவில்லை. எழுதினேன். 'கையில் கட்டிய பொய்' என்று தலைப்பு. 'இந்த வாட்ச்சின் கணக்குப்படி, அண்ணா சாலை சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது என் உயிர் பிரிந்தது. சிக்னல் விழுந்ததும் திரும்பி வந்தது' என்று முதல் வரி. எப்படி இருக்கிறது? எல்லோரும் அந்த வரியை எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மீம் போட்டார்கள். நான் எழுதியதில் அவ்வளவு பேர் படித்தது வேறெதுவும் இல்லை.

ரிதன்யாவிடமிருந்து மெயில் வந்தது. 'சார், வாட்சைத் தோலோடு ஒட்டி இறுக்கமாகக் கட்டினால்தான் அடியில் இருக்கும் சென்சார் வேலை செய்யும். தயவுசெய்து இன்னொரு முறை பார்க்க முடியுமா?' எப்படி இருக்கும் எனக்கு? எனக்கு வாட்ச் கட்டத் தெரியாதாம். பொருள் சரியில்லை என்றால் கட்டினவன் சரியில்லை என்பது இவர்களுடைய பழைய பாட்டு. பதில் போடவில்லை. ஆனால் வாட்சைத் திருப்பியும் அனுப்பவில்லை. கையிலேயே கட்டியிருந்தேன். கிளிப்பையும் கைப்பையில் வைத்திருந்தேன். பயத்தினால் என்று நினைக்காதீர்கள். எழுதியது சரிதானா என்று பார்த்துக்கொண்டே இருப்பது என் வழக்கம். பார்த்த போதெல்லாம் தப்பாகத்தான் காட்டியது. பார்த்த போதெல்லாம் எனக்கு மூச்சு வந்தது.

ஒருநாள் மதியம் வெளியில் சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குள் நுழைகிறேன். ரிசப்ஷனில் இருக்கும் பவித்ராவைக் காணவில்லை, சாப்பிடப் போயிருந்தாள். சோபாவில் ஒரு பெரிய ஆள் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, பட்டையாக மீசை, மடியில் ஒரு ரெக்சின் பை. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"ஏனுங்க அம்மணி, இந்த இசக்கி சாரு எப்ப வருவாருங்க?"

வாட்ச் செய்த நாச்சிமுத்துதான் என்று உடனே புரிந்துவிட்டது. அந்தக் கோயம்புத்தூர்ப் பேச்சு, விளம்பரத்தில் பார்த்த அந்த மீசை. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் யோசிப்பது தெரிகிறது. ரிவ்யூ எழுதின பிறகு கம்பெனி முதலாளியைச் சந்திக்கக் கூடாது. அது என் விதி. "சார் யாரையும் பார்க்க மாட்டார்," என்றேன்.

"பாக்க மாட்டாராமா! எழுதறதுக்கு மட்டும் கை வருதாக்கும்." உட்கார்ந்துவிட்டார். "நீங்க அவருகிட்ட வேல பாக்கறீங்களா?"

"ஆமா."

"அந்தாளு உடம்புல ரத்தந்தான் ஓடுதான்னு ஒருக்கா பாத்துச் சொல்லுங்க. மோர் எதாச்சும் ஓடப்போவுது. நாலு ஆஸ்பத்திரில குடுத்து, நூத்துக்கணக்கான கையில கட்டிப் பாத்த பொருளுங்க அது. சிக்னல்ல செத்துப் போயிட்டாராமா. செத்தவரு எந்திரிச்சு வந்து நக்கலா எழுதியிருக்காரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். ஆள் பெருமைக்காரர், வாய் ஓயவில்லை. கோயம்புத்தூரில் பெரிய பெரிய கடை வைத்திருக்கிற ஒருவர் தன் எல்லாக் கிளைகளுக்கும் தீபாவளிக்குத் துடி எடுப்பதாகச் சொல்லியிருந்தாராம். என் கட்டுரையைப் படித்துவிட்டு நிறுத்தி வைத்துவிட்டாராம். அன்று சாயங்காலம் முடிவு சொல்கிறாராம். அதை நம்பி ஸ்டார்ட்டர் பெட்டி வேலையைக் குறைத்துவிட்டு ஆட்களையெல்லாம் இதில் போட்டிருக்கிறாராம். போடச்சொல்லி நானா சொன்னேன்?

"புகழ வேண்டாமுங்க. ஒருக்கா சரியாக் கட்டிப் பாத்துப்போட்டு, பாத்தத எழுதட்டும். அது போதும் எனக்கு. அது..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தார். "இது நம்ம வாட்ச்சாச்சே! சாரு உங்களுக்குக் குடுத்துட்டாரா?"

நான் துப்பட்டாவை இழுத்து மூடுவதற்குள் கிட்ட வந்துவிட்டார்.

"அட, என்ன அம்மணி இது, ஆம்பளைக் கை ஸ்ட்ராப்பப் போட்டுட்டுத் திரியறீங்க. இப்படி ஆடுனா அது எப்படிங்க நாடியப் புடிக்கும்? டப்பாவுல சின்னது ஒண்ணும் வெச்சிருக்கறமே, பாக்கலியா?" அப்புறம் அவரே தலையில் தட்டிக்கொண்டார். "ஓ, இது சாருக்கு அனுப்புன டப்பா. சாருக்கு எதுக்கு லேடீஸ் ஸ்ட்ராப்புன்னு அந்த ரிதன்யாப் புள்ள எடுத்துட்டு அனுப்பியிருக்கும். இருங்க, இருங்க."

ரெக்சின் பையில் கையை விட்டார். சின்ன ஸ்ட்ராப் ஒன்றை எடுத்தார். நகத்தால் இரண்டு இடத்தில் நெம்பி, பழையதைக் கழற்றி, புதியதை மாட்டி, என் மணிக்கட்டில் அவரே கட்டிவிட்டார். வாட்ச் தோலோடு ஒட்டி உட்கார்ந்தது. பையிலிருந்து ஒரு கிளிப்பையும் எடுத்து என் விரலில் மாட்டினார். அவரும் கிளிப் வைத்திருந்தார் பாருங்கள்.

"இப்பப் பாருங்க."

பார்த்தேன். கிளிப்பில் தொண்ணூற்றாறு. வாட்ச்சில் தொண்ணூற்றாறு.

"எதுக்கு அம்மணி இப்படிப் படபடன்னு அடிக்குது? சாருக்குப் பயமா?" என்று சிரித்தார். "சரி சரி, ரெண்டும் ஒண்ணாக் காட்டுதா இல்லியா?"

ஒன்றாகத்தான் காட்டியது. அதனால் என்ன? அவருடைய ஸ்ட்ராப், அவருடைய கிளிப், அவரே கட்டிவிட்டார். ஒரு தடவை சரியாகக் காட்டினால் நல்ல வாட்ச் ஆகிவிடுமா? நின்றுபோன கடிகாரம்கூட எப்போதாவது ஒரு தடவை சரியாகக் காட்டத்தானே செய்யும். இன்னும் நாலு தடவை பார்த்திருக்கலாமே என்கிறீர்கள். பார்த்திருக்கலாம். பார்க்கப் பிடிக்கவில்லை. கழற்றி ஸ்ட்ராப்பை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

"ஏன், வெச்சுக்கங்க. கைக்கு அழகா இருக்குதில்ல?"

"சார் திட்டுவார்," என்றேன்.

மேலே போனேன். எங்கள் தளத்தின் ஆசிரியர் தேவசகாயம் சார், நல்ல மனுஷர், ஆனால் கோழை. ரிதன்யா அவருக்கும் மெயில் போட்டிருந்தாள். கூப்பிட்டார்.

"இசக்கி, அந்த வாட்ச், ஸ்ட்ராப் லூசா இருந்துச்சாம்மா?"

"அவங்க அனுப்பினதத்தான் சார் கட்டினேன்."

"அதில்லம்மா. லூசா இருந்துச்சா?"

"கொஞ்சம்."

"அப்போ கீழ ஒரு வரி போட்ருவோமே. பெரிய ஸ்ட்ராப்ல சோதிச்சோம், சரியான அளவுல திரும்பப் பாத்துட்டு எழுதுறோம்னு. அதுல ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல."

அவருக்கு இல்லை. அவருக்கு என்ன, மகன் கனடாவில் இருக்கிறான். அந்த ஒரு வரி போட்டால் என்ன ஆகும் தெரியுமா அக்கா? பாட்டில் வாங்கப் பாய்கிற அத்தனை பேரும் அதை எடுத்துப் போடுவார்கள். இசக்கி சார் இல்லையாம், பொம்பளையாம், வாட்ச் கட்டத் தெரியாதாம், மத்த போனெல்லாம் எப்படிப் பார்த்தாளோ என்று. சென்னையில் நான் சேர்த்து வைத்திருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான். ஆனால் நான் அதற்காக மறுக்கவில்லை. காரணம் வேறு. கம்பெனி முதலாளி தன் கையால் கட்டிவிட்ட பொருளைப் பார்த்துவிட்டு ரிவ்யூவை மாற்றினால் அதற்கு என்ன பெயர்? ஹோட்டலில் பை வாங்குகிறவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

"ஒரு எழுத்தும் மாத்த வேண்டாம் சார்," என்றேன்.

"உன் பேர்ல வந்த கட்டுரை. உன் இஷ்டம்," என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். சொன்னேனே, கோழை.

சாயங்காலம் கீழே இறங்கினால், பவித்ரா ஒரு கவரை நீட்டுகிறாள். தொட்டதுமே தெரிந்தது. அந்தச் சின்ன ஸ்ட்ராப்.

"கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர் குடுத்துட்டுப் போனார். இசக்கி சாரைப் பாக்கணும்னு ரொம்ப நேரம் உக்காந்திருந்தார். சாரா, நம்மகிட்ட இசக்கின்னா ஒரே ஆள்தான், மஞ்சள் சுடிதார் போட்டிருப்பாங்கன்னு சொன்னேன். ஏங்க, சொல்லக் கூடாதா?"

"என்ன சொன்னார்?"

"முதல்ல சிரிக்கிற மாதிரி இருந்துச்சு, அப்புறம் சிரிக்கல. தண்ணி கேட்டுக் குடிச்சார். இத எடுத்து, அந்த அம்மணிகிட்டயே குடுத்துருங்கன்னுட்டுக் கிளம்பிட்டார். உங்களைக் கூப்பிடட்டுமான்னு கேட்டேன். வேண்டாமுங்க, அவங்களே பாக்கட்டும்னார்."

கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்கள். திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். கெஞ்சினால் முடியாது என்று சொல்லலாம். ஒன்றும் கேட்காமல் ஒரு பொருளை விட்டுவிட்டுப் போனால் என்ன செய்வது? மதியம் கொடுத்தபோது நான் யாரென்று அவருக்குத் தெரியாது. அப்போதே வாங்கியிருந்தால்கூட அது ஒரு பெண்ணுக்குக் கொடுத்த ஸ்ட்ராப். இப்போது தெரிந்து கொடுக்கிறார். தெரிந்து கொடுத்தால் அது லஞ்சம். நான் லஞ்சம் வாங்குவதில்லை.

"திருப்பி அனுப்பிடு," என்றேன்.

"இதையுமா? ஒரு துண்டு ரப்பருங்க இது. அவர் ஒண்ணும் கேக்கக்கூட இல்ல."

"அனுப்பு பவித்ரா."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கவரில் விலாசம் எழுதினாள். பெரிய ஸ்ட்ராப்போடு வாட்சையும் டப்பாவில் வைத்து அதோடு சேர்த்துக் கட்டினேன். அந்தக் கடைக்காரர் அன்று சாயங்காலமே வேண்டாம் என்றுவிட்டாராம். அப்புறம் கேள்விப்பட்டேன். அது வியாபாரம், நமக்குச் சம்பந்தமில்லை. ரிவ்யூவுக்கு வந்த பொருள் திரும்பிப் போகிற கூரியர் செலவை எப்போதும் கம்பெனிதான் கொடுக்கும், அதுதான் வழக்கம். இந்தத் தடவை நான் அதற்குக்கூட விடவில்லை, அக்கா. என் கையிலிருந்து கொடுத்தேன். அந்த மனுஷருக்கு என்னால் ஒரு பைசா நஷ்டம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.